சிறகு போட்ட பெயர்

மகனுடைய நாற்பதாம் நாள் நோட்டீஸை அடிக்கக் கொடுப்பதற்காக லோசான் கலேனாவின் ஜெராக்ஸ் கடைக்குப் போனார். பல்கேரியாவின் வீதின் ஊரில் சாவு நோட்டீஸ் அடிக்காத ஜெராக்ஸ் கடை கிடையாது. இளவட்டமெல்லாம் ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் கிளம்பிவிட்ட ஊரில் கல்யாணப் பத்திரிகையை நம்பிக் கடை நடத்த முடியாது என்று கலேனாவே சொல்லுவாள். வீட்டுக் கதவு, மரம், விளக்குக் கம்பம், பஸ் நிறுத்தம் என்று எங்கே திரும்பினாலும் போய்ச் சேர்ந்தவர்களின் முகம்தான். போன மாதம் அதில் யாவோரின் முகமும் சேர்ந்திருந்தது.

லோசான் ஆற்றுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். யாவோர் அவருக்கு ஒரே பிள்ளை. இருபது வயது. ஆகஸ்ட் மாதம் ஒரு மத்தியானம் டயர் கிடங்கில் டயரை உருட்டிக்கொண்டு போனவன் அப்படியே சாய்ந்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதயத்தில் கோளாறு, பிறந்ததிலிருந்தே இருந்திருக்கும் என்றார்கள். பிறந்ததிலிருந்து கூடவே இருந்த ஒன்று தன் கண்ணில் படாமல் எப்படிப் போயிற்று என்பது லோசானுக்கு விளங்கவில்லை.

"பேரு, தேதி, போட்டோ எல்லாம் பழசேதானே அண்ணே?" என்றாள் கலேனா.

"ஆமா. ஆனா கீழ இன்னொரு பேரு போடணும்." அவர் தன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். யாவோரின் போனுடைய திரையை அவர் எடுத்துவைத்திருந்த படம் அது.

யாவோரின் போனை நெவேனா அணைக்க விடவில்லை. நெவேனா லோசானின் மனைவி, பாலர் பள்ளியில் சமையல்காரி. போனை டி.வி. மேஜை மேல் வைத்து சார்ஜ் இறங்க இறங்க ஏற்றிக்கொண்டிருந்தாள். அது பூட்டியிருந்தது, திறக்கிற எண் யாருக்கும் தெரியாது. தப்புத் தப்பாகப் போட்டால் ஒரேயடியாகப் பூட்டிக்கொள்ளும் என்று யாரோ பயமுறுத்தியதில் முயற்சி செய்வதையும் விட்டுவிட்டார்கள். ஆனால் இவர்கள் சாப்பிட உட்காரும் நேரத்துக்கு அந்தப் போன் தினமும் ஒருமுறை கூவும். யாவோர் ஆடிக்கொண்டிருந்த கேமிலிருந்து வரும் அழைப்பு. அழைக்கிறவர் பெயரும் அழைக்கப்படுகிறவன் பெயரும் திரையில் தெரியும். கூடவே இங்கிலீஷில் ஒரு வரி. பாலர் பள்ளி டீச்சரிடம் கேட்டுக்கொண்டு வந்து நெவேனா சொன்னாள்: "எங்க இருக்கேன்னு கேக்குறாங்களாம்."

அந்தத் திரையில் யாவோரின் பெயர் யாவோர் அல்ல.

꧁𝓒𝓱𝓪𝓹𝓵𝓪꧂

"சாப்லா" என்று படித்தாள் கலேனா. நாரை. "உங்க பையன்தானா இது? அழகா வச்சிருக்கானே."

லோசான் தலையை மட்டும் ஆட்டினார். அந்தப் பெயரை வைத்ததே அவர்தான். பள்ளி விடுமுறையில் துறைமுகத்துக்குக் கூட்டிப்போயிருந்தபோது, "நாரை மாதிரி நிக்காத, வந்து தூக்குடா" என்று எல்லோர் முன்னாலும் கத்தியிருந்தார். தொழிலாளிகள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அது ஒட்டிக்கொண்டது. பையன் அதை எடுத்து இரண்டு பக்கமும் சிறகு போட்டு வைத்துக்கொண்டிருக்கிறான் என்பது அவன் செத்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

"அந்தக் கேம்ல கூட ஆடினவங்களுக்கு அவன் போனது தெரியல கலேனா. தினமும் கூப்பிடுறாங்க. நோட்டீஸை நம்ம ஊர் ஆளுங்க ஃபேஸ்புக்ல போடுறாங்கல்ல? இந்தப் பேரும் அதுல இருந்தா யாராவது கண்டுபிடிச்சுக்குவாங்க."

கலேனாவுக்கு இந்த வித்தை தெரியும். தன் கடை விளம்பரத்தையெல்லாம் அவள் இப்படித்தான் பூவும் சுழியுமாக எழுதிப் போடுவாள். அதற்கென்றே ஒரு வலைத்தளம் இருக்கிறது. சாதாரணமாக அடித்தால் அது நூறு விதமாக அலங்கரித்துக் கொடுக்கும், பிடித்ததை எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். "நம்ம பல்கேரிய எழுத்துக்கு இதெல்லாம் வராது அண்ணே. லத்தீன் எழுத்துக்குத்தான் சுழியெல்லாம். அதான் உங்க பையன் லத்தீன்ல எழுதியிருக்கான்" என்று சொல்லிக்கொண்டே அடித்தாள். திரையில் நாரை அச்சு அசலாக வந்து உட்கார்ந்தது. லோசான் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். திரையை எட்டிப் பார்த்து, சரி என்றார். சூடாக வெளியே வந்த நோட்டீஸ் கட்டைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

தன் தெருவிலிருந்து தேவாலயம் வரைக்கும் ஒட்டினார். துறைமுக வாசலில் ஒட்டினார். கடைசியாக வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

நெவேனா வேலை முடிந்து வந்தவள் கதவைத் தாண்டவில்லை. வெளியிலிருந்தே கூப்பிட்டாள்.

"லோசான், வெளிய வா. என்ன இது?"

யாவோர் போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் பெயருக்குக் கீழே,

□□□□□□□□

"எம்புள்ளை பேருக்குக் கீழ கட்டம் கட்டமா என்ன போட்டிருக்க? குறுக்கெழுத்துப் போட்டியா? வர்றவன் போறவன் எழுதி நிரப்பிட்டுப் போகட்டும்னா?"

கலேனாவின் கணினிக்குத் தெரிந்த எழுத்து அவளுடைய பிரிண்டருக்குத் தெரியவில்லை. தெரியாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் அது ஒரு காலிக் கட்டத்தை அடித்துத் தள்ளியிருந்தது. லோசானுக்கு அதையெல்லாம் விளக்கத் தெரியவில்லை. "அவன் பேருதான் நெவேனா... சிறகெல்லாம் வச்சு... திரையில நல்லாத்தான் இருந்துச்சு" என்று தடுமாறினார்.

பக்கத்து வீட்டு இல்கா எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எதிலும் ஒரு சந்தேகம் உண்டு. "நானும் காலையில பாத்தேன். கேட்டாத் தப்பா நெனப்பீங்கன்னு விட்டுட்டேன். பையன் ஏதாவது ரகசியக் கூட்டத்துல கீட்டத்துல சேந்திருந்தானா?"

"உன் வாய்ல மண்ண போட" என்று நெவேனா அவள் பக்கம் திரும்பினாள். பிறகு கதவிலிருந்த நோட்டீஸைக் கிழிக்கப் போனவள், போட்டோவில் கை பட்டதும் நின்றுவிட்டாள். மகன் முகத்தைக் கிழிக்க அவளுக்குக் கை வரவில்லை. லோசானே கத்தியைத் தண்ணீரில் நனைத்து மெல்ல மெல்லச் சுரண்டி எடுத்தார். அன்று சாயங்காலம் முழுக்க, காலையில் ஒட்டிக்கொண்டு போன வழியிலேயே சுரண்டிக்கொண்டு போனார். தேவாலயத்துக்கு எதிரிலிருந்த மரத்தில் ஒட்டியது மட்டும் முழுசாக வரவில்லை. முகம் வந்துவிட்டது, கட்டங்கள் மரத்திலேயே தங்கிவிட்டன.

கலேனாவுக்கு விஷயம் தெரிந்ததும் பழைய நோட்டீஸையே புதிதாக அடித்துத் தானே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். நெவேனா வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வாசலில் நின்ற லோசானிடம் கலேனா மெதுவாகச் சொன்னாள்: "நான் பிரிண்ட்டை ஒரு தடவை பாத்திருக்கணும் அண்ணே. மனசு ஆறல. அந்த ஆளுங்களை நோட்டீஸ் வச்சுத் தேட வேண்டாம். நேரா கேமுக்குள்ளயே போய்ச் சொல்லிடலாம். கடைக்கு வாங்க."

அப்படித்தான் லோசான், கிரேன் வேலை இல்லாத மத்தியானங்களில் ஜெராக்ஸ் கடையின் பின்பக்க ஸ்டூலில் உட்கார ஆரம்பித்தார். கலேனா அவருடைய போனில் அந்தக் கேமை ஏற்றினாள். தினமும் கூப்பிடுகிற ஆளின் பெயர் உம்ப்ரா. அதுவும் சிறகு போட்ட பெயர்தான். அதைப் பார்த்ததுமே லோசானுக்குத் தெரிந்தது அது ருமேனியச் சொல் என்று. அவருடைய அம்மா வ்லாஹ் இனத்தாரின் கிராமத்துக்காரி. வீட்டில் பேசியது ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ருமேனியாவின் பேச்சுதான். உம்ப்ரா என்றால் நிழல்.

பெயர் தெரிந்தால் ஆளைத் தேடிவிடலாம் என்று அவர் நினைத்தார். தேடும் இடத்தில் உம்ப்ரா என்று அடித்தால் யார் யாரோ வந்தார்கள். அந்த உம்ப்ரா வரவில்லை.

"எழுத்து மாதிரி தெரியுதே தவிர இதெல்லாம் எழுத்தே இல்ல அண்ணே. நம்ம கண்ணுக்கு 'உ'ன்னு தெரியும். மெஷினுக்கு அது வேற ஏதோ குறி. ஒரு சிறகு மாறினாலும் வேற ஆள் ஆயிடும்." சிறகிலேயே எத்தனையோ வகை இருந்தது. சுழியிலும் அப்படித்தான், தடித்தது, மெலிந்தது, சாய்ந்தது. போன் திரையை எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து ஒவ்வொன்றாக மாற்றி ஒட்டிப் பார்த்தார்கள். வாடிக்கையாளர் வந்தால் கலேனா எழுந்து போவாள். லோசான் தடித்த விரலால் தானே ஒட்டிப் பார்ப்பார். ஒரு மத்தியானம் தேடலில் ஒரே ஒரு பெயர் வந்து நின்றது. பக்கத்தில் பச்சைப் புள்ளி. ஆள் இருக்கிறார்.

"கிடைச்சாச்சு! இப்ப உங்களுக்கு ஒரு பேரு வைங்க. அப்பதான் அழைப்பு அனுப்ப முடியும்."

லோசான் யோசிக்கவில்லை. "சாப்லாவே வை. அப்பதானே நான் யாரோட ஆளுன்னு தெரியும்."

கலேனா ஒட்டினாள். கேம் ஏற்றுக்கொள்ளவில்லை. சிவப்பாக ஒரு வரி வந்தது. அவள் அதைப் படித்துவிட்டுப் போனைக் கீழே வைத்தாள்.

"என்னவாம்?"

"இந்தப் பேரு இன்னொருத்தருடையதாம் அண்ணே."

லோசான் ஸ்டூலிலிருந்து எழுந்து கடை வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். "வேற ஏதாவது சிறகு போடு" என்றார்.

கலேனா வலப்பக்கச் சிறகை மாற்றினாள். உற்றுப் பார்த்தாலொழிய வித்தியாசம் தெரியாது. கேம் ஏற்றுக்கொண்டது. லோசான் அழைப்பை அழுத்தினார். என்ன சொல்வது, எந்த மொழியில் சொல்வது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் வரி வரியாக எழுத்து ஓட ஆரம்பித்தது. பூ, கண்ணீர், இதயம், நடுநடுவே இங்கிலீஷ்.

"என்ன சொல்றாங்க?"

கலேனா வாயைக் கையால் மூடிக்கொண்டாள். "ஐயோ அண்ணே... நாம தப்புப் பண்ணிட்டோம். இது அவன்னு நெனச்சுட்டாங்க. வந்துட்டியா, வந்துட்டியான்னு கேக்குறாங்க."

அதற்குள் போன் அலறியது. பேச்சு அழைப்பு. கலேனா எடுக்காதே என்று கை காட்டுவதற்குள் லோசான் எடுத்துவிட்டார். ஒரு பெண் குரல். சின்னப் பெண்ணின் குரல் இல்லை. நடுத்தர வயதின் கரகரத்த குரல். இங்கிலீஷில் திட்டியது, சிரித்தது, மூச்சு வாங்கியது, சந்தோஷம் தாங்காமல் ருமேனிய மொழிக்குத் தாவியது. அந்த மொழி லோசானுக்குப் புரிந்தது.

"எங்கடா போன, படுபாவி? எங்கடா போன? மெழுகுவத்தி ஏத்தாத நாள் இல்ல!"

லோசான் தன் அம்மாவின் மொழியைத் தேடினார். அம்மா போனபின் அவர் அதைப் பேசியதே இல்லை.

"அம்மா... நான் அவன் இல்லம்மா. அவன் அப்பா." அந்தப் பக்கம் குரல் நின்றது. "பையன் செத்துப் போயிட்டான். ஆகஸ்ட்ல."

போனில் ஒரு தட்டு உருண்டு நிற்கிற சத்தம் கேட்டது. யாரோ கதவைத் திறந்து எதையோ கேட்டார்கள். லோசான் போனைக் காதில் வைத்தபடியே நின்றார். கலேனா கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தக் குரல் கேட்டது: "அவன் பேரு என்ன?"

"யாவோர்."

"யாவோர்" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "எனக்குத் தெரியாதுங்க. நான் சாப்லான்னுதான் கூப்பிடுவேன்."

அவள் பெயர் வியோரிகா. கலாஃபாத் ஊரில் ரொட்டிக் கடையில் வேலை. கலாஃபாத் என்றதும் லோசான் சுவரில் சாய்ந்துகொண்டார். நேர் எதிர்க்கரை. கிரேன் மேல் உட்கார்ந்தால் அந்த ஊர் வீடுகளின் ஜன்னல் தெரியும். பல்கேரியா என்று மட்டும் யாவோர் அவளிடம் சொல்லியிருந்தான். ருமேனியா என்று மட்டும் அவள் சொல்லியிருந்தாள். இவ்வளவு பக்கத்தில் என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

வீட்டுக்குப் போய் லோசான் நெவேனாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். பாரம் இறங்கியது என்று அவள் சொல்லுவாள் என்று எதிர்பார்த்திருந்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். பாவம், தினமும் கூப்பிட்டுக்கிட்டே..."

"யாரு உன்னைச் சொல்லச் சொன்னது? இந்த உலகத்துல ஒருத்திக்காவது அவன் உசுரோட இருந்தான். எங்க இருக்கேன்னு கேட்டுக்கிட்டாவது இருந்தா. அங்கயும் போய் அவனைக் கொன்னுட்டு வந்திருக்க."

அன்று சாப்பாட்டு நேரத்தில் யாவோரின் போன் கூவவில்லை. மறுநாளும் இல்லை. நெவேனா அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள், சார்ஜ் வயரை மாற்றிப் பார்த்தாள், ஒரு வாரம் வரைக்கும் லோசானிடம் உப்பு எங்கே என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் செய்தது சரியா தப்பா என்று கேட்கக்கூட ஆள் இல்லை. துறைமுகத்தில் கிரேன் மேல் உட்கார்ந்து அக்கரையைப் பார்ப்பதை அவர் நிறுத்திக்கொண்டார்.

நவம்பரில் இறந்தோர் சனிக்கிழமை வந்தது. அன்றைக்குக் கல்லறைக்கு வரட்டுமா என்று வியோரிகா கேட்டு எழுதியிருந்தாள். லோசான் தயங்கித் தயங்கி நெவேனாவிடம் சொன்னார்.

"எத்தனை வயசு அவளுக்கு?"

"நம்ம வயசு இருக்கும்."

"நம்ம வயசுல ஒரு பொம்பளைக்கு என் பையனோட என்ன பேச்சு? புருஷன் இல்லையா, புள்ளை இல்லையா?" அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். பிறகு, "வரட்டும். மூஞ்சியப் பாக்கணும்" என்றாள்.

வியோரிகா பாலத்தைத் தாண்டி வரும் மினி பஸ்ஸில் வந்தாள். குட்டையான, பருத்த பெண்; கறுப்புத் தலைத்துணி; மாவு வேலையில் சிவந்துபோன கைகள். மடியில் ஒரு பெரிய தட்டு. செத்தவர்களுக்குப் படைக்க, அவித்த கோதுமையைச் சர்க்கரையும் வாதுமையும் போட்டுப் பிசைந்து, மேலே கொக்கோவால் சிலுவை வரைந்து கொண்டுவந்திருந்தாள். நெவேனாவும் கோதுமை அவித்திருந்தாள். கல்லறையில் இரண்டு தட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பாதிரியார் இரண்டின் மேலும் திராட்சை மதுவைத் தெளித்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போனார். வியோரிகா கல்லில் இருந்த போட்டோவின் முன்னால் முழங்காலிட்டு ரொம்ப நேரம் பார்த்தாள். அவன் முகத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

வீட்டில் பீன்ஸும் மீனும் வைத்தார்கள். லோசான் ராக்கியா சாராயத்தில் மகனுக்கென்று ஒரு சொட்டைத் தரையில் விட்டுவிட்டுக் குடித்தார். நெவேனாவுக்கு அக்கரைப் பேச்சு தெரியாது. வியோரிகாவுக்குப் பல்கேரியப் பேச்சில் காய்கறி விலை கேட்கிற அளவுதான். நடுவில் லோசான் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிச் சொன்னார்.

மகள் இத்தாலிக்குப் போகும்போது விட்டுப்போன டேப்லட்டில்தான் வியோரிகா ஆட ஆரம்பித்தாளாம். வேலை முடிந்து வந்தால் வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. தன் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு ஆடினாள். கிழவி வந்துட்டா, ரொட்டி சுடப் போ பாட்டி என்று பையன்கள் விரட்டுவார்கள். "ஒரு நாள் சாப்லா வந்து, இவங்க என் ஆளுன்னு சொன்னான். 'இந்தப் பேரோட சுத்தாதீங்க, நான் உங்களுக்குச் சிறகு போட்டுத் தர்றேன்'னான். நிழல்னு பேரு நான்தான் சொன்னேன். சிறகு அவன் போட்டது. அதுக்கப்புறம் ஒருத்தனும் கேலி பண்ணல."

லோசான் மொழிபெயர்த்தார். நெவேனாவின் முகம் கொஞ்சம் இளகியது. "சின்ன வயசுலயும் அப்படித்தான். அடி வாங்குற பிள்ளை பக்கம் போய் நிப்பான்" என்றாள். ஒரு கரண்டி பீன்ஸை வியோரிகாவின் தட்டில் கூடுதலாகப் போட்டாள்.

வியோரிகா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு லோசானைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் வேகமாகப் பேசினாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாம என்னால திரும்பிப் போக முடியாது. அவன் ரெண்டு தடவை விழுந்தான். பேசிக்கிட்டே இருந்தவன் சத்தமில்லாமப் போயிட்டான். கொஞ்ச நேரம் கழிச்சு, தரையில கிடந்தேன், இப்பதான் எந்திரிச்சேன்னான். டாக்டர்கிட்ட போடா, அப்பா அம்மாகிட்ட சொல்லுடான்னேன். கோடை முடியட்டும்னான். அம்மா பயந்துடுவாங்கன்னான்."

லோசானின் கையில் ரொட்டித் துண்டு இருந்தது. அதைக் கீழே வைத்தார்.

"என்ன சொல்றா?" என்றாள் நெவேனா.

"ஒண்ணுமில்ல. நல்லா சிரிக்கச் சிரிக்கப் பேசுவானாம்."

"லோசான், அவ கை சாய்ஞ்சு விழுற மாதிரி காட்டுச்சு. நான் பாத்தேன்."

லோசான் மேஜை மேல் சிந்திய ரொட்டித் துகளைக் கூட்டினார்.

"என்னைப் பாரு. என்ன சொன்னா?"

அவர் சொன்னார். ஒன்றையும் விடாமல் சொன்னார். கடைசி வரியை, அம்மா பயந்துடுவாங்க என்பதை, மட்டும் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

நெவேனா எழுந்தாள். "தெரிஞ்சிருந்தும் நீ தூங்கினியா? ரொட்டி சுட்டுக்கிட்டு இருந்தியா? ஒரு வார்த்தை, யார்கிட்டயாவது ஒரே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" வியோரிகாவுக்கு அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"யார்கிட்ட சொல்றது?" என்றாள் அவள். கன்னத்தைத் துடைக்கவில்லை. "எனக்கு அவன் ஊரு தெரியாது, வீடு தெரியாது. அந்தப் பேரு ஒண்ணுதான் தெரியும். அதை எங்க போட்டுத் தேடினாலும் ஆள் இல்ல. ஒண்ணுமே வரல."

லோசான் மாற்றிச் சொன்னார். நெவேனா அதைக் கேட்டாளா என்று தெரியவில்லை. சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். அப்புறம் யாரிடமும் இல்லாமல் சொன்னாள்: "ஜூன் மாசம் ஒரு நாள் காலையில கட்டிலுக்குக் கீழ உக்காந்திருந்தான். மூஞ்சி வெளுத்திருந்துச்சு. விடிய விடிய கேம் ஆடினியாடான்னு போர்வையால அடிச்சேன். ஆமாம்மான்னான்."

லோசான் அதை மொழிபெயர்க்கவில்லை. வியோரிகாவும் கேட்கவில்லை. அவள் எழுந்து தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் லோசான் கூடப் போனார். ஆற்றுப் பக்கமிருந்து ஈரக்காற்று வீசியது. நிறுத்தத்துக்குப் போய்ச் சேரும்போது பின்னால் வேகமாகக் காலடிச் சத்தம் கேட்டது. நெவேனா. கோட்டு போடாமல், சமையல் உடுப்போடு, வீட்டுச் செருப்போடு வந்திருந்தாள். மூச்சிரைத்தது.

"கேளு அவகிட்ட. விழுந்தப்ப பயந்தானான்னு கேளு."

லோசான் கேட்டார்.

"மொதல் தடவை சிரிச்சான். ரெண்டாவது தடவை பயந்தான். போனை வைக்காதீங்கன்னான். நான் வைக்கல. அவன் தூங்குற வரைக்கும் ரொட்டிக் கடைக் கதையெல்லாம் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

இந்த முறை லோசான் எதையும் மறைக்கப் பார்க்கவில்லை. சொல்லச் சொல்ல நெவேனா தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். கடைசியில் ஆட்டுவதை நிறுத்திவிட்டு, வியோரிகாவின் சிவந்த கையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பஸ் வந்து கதவு திறக்கும் வரைக்கும் விடவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார்.

"ஈஸ்டருக்கு அப்புறம் மறுபடி இறந்தோர் நாள் வருதுல்ல, அப்ப வரச் சொல்லு" என்றாள் நெவேனா. "கோதுமை நானே பண்றேன்னு சொல்லு. அவ போட்ட சர்க்கரை ரொம்ப ஜாஸ்தி. அவனுக்கு அவ்வளவு இனிப்பு ஆகாது."

லோசான் பஸ்ஸின் படி மேல் நின்றிருந்தவளிடம் அதைச் சொன்னார். வியோரிகா அழுதுகொண்டே சரி சரி என்று தலையசைத்தாள். கதவு மூடிக்கொண்டது. பஸ் பாலத்துப் பக்கம் திரும்பியது. லோசான் தன் கோட்டைக் கழற்றி மனைவியின் தோளில் போட்டார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.